டெல்லிக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு: மெட்ரோவா, பஸ்ஸா, ஆட்டோவா, கேபா?

இன்டர்வியூ, எய்ம்ஸில் வைத்தியம், யு.பி.எஸ்.சி. கோச்சிங், தூதரகத்தில் விசா வேலை, இல்லை சும்மா சுற்றிப் பார்க்க. எதற்காக டெல்லிக்கு வந்தாலும் ஊரிலிருந்து போன் செய்கிறவர்கள் முதலில் கேட்பது, "அங்க எதுல போய் வர்றது? கேப் போட்டுக்கலாமா?" என்பதுதான். நான் பதிலுக்கு ஒன்று கேட்பேன்: ரூம் எங்கே போட்டிருக்கிறீர்கள்? எந்த வண்டி உங்களுக்குச் சரிப்படும் என்பதைப் பாதிக்கு மேல் முடிவு செய்வது அதுதான். மெட்ரோ ஸ்டேஷனிலிருந்து பத்து நிமிட நடையில் அறை இருந்தால் ஒரு கணக்கு. ஸ்டேஷனுக்குப் போகவே ஆட்டோ வேண்டும் என்றால் அது முற்றிலும் வேறு கணக்கு. வாடகையில் இருநூறு ரூபாய் குறைகிறதே என்று உள்ளே தள்ளிப் போய்த் தங்கினால், அந்த இருநூறு தினமும் ஆட்டோவுக்குப் போய்விடும், நேரமும் சேர்ந்து போகும்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தினப்படி போய்வர மெட்ரோ. ஸ்டேஷனிலிருந்து மிச்சமிருக்கும் ஒன்றிரண்டு கிலோமீட்டருக்கு இ-ரிக்‌ஷா அல்லது ஆட்டோ. பெட்டிகளோடு வந்து இறங்கும் நாளுக்கும், இரவு பதினொன்றுக்குப் பிறகும், கூட வருகிறவரால் நடக்க முடியாது என்றாலும் கேப். பஸ்ஸை முதல் இரண்டு நாளுக்குத் தள்ளி வையுங்கள், ஆனால் மறந்துவிடாதீர்கள்.

மெட்ரோவை ஏன் முதலில் வைக்கிறேன் என்றால், புதியவருக்கு டெல்லியில் பெரிய தலைவலி விலை பேசுவதும் போய்ச்சேரும் நேரம் தெரியாததும்தான். மெட்ரோவில் இரண்டும் இல்லை. 2002 டிசம்பர் 24 அன்று ஷாதராவுக்கும் தீஸ் ஹசாரிக்கும் நடுவே ஒரு சின்னத் துண்டாகத் தொடங்கியது, இன்று குருகிராம், நொய்டா, காசியாபாத், ஃபரீதாபாத் வரை நீண்டிருக்கிறது. 2025 ஆகஸ்ட்டில் திருத்திய கட்டணப்படி 2 கி.மீ. வரை 11 ரூபாய், 5 கி.மீ. வரை 21, 12 கி.மீ. வரை 32, 21 கி.மீ. வரை 43, 32 கி.மீ. வரை 54, அதற்கு மேல் எவ்வளவு தூரம் போனாலும் 64. ஏர்போர்ட் லைனுக்குக் கட்டணம் தனி. ஞாயிற்றுக்கிழமையும் தேசிய விடுமுறை நாட்களிலும் இன்னும் குறைவு. ஸ்மார்ட் கார்டு இருந்தால் 10 சதவீதம் தள்ளுபடி, காலை எட்டுக்கு முன்பும் மதியம் 12 முதல் 5 வரையும் இரவு 9க்குப் பிறகும் கூடுதலாக இன்னொரு 10 சதவீதம்.

சென்னைக்காரர்களுக்கு ஒரு வசதி உண்டு. சென்னை மெட்ரோவில் வைத்திருக்கும் சிங்காரச் சென்னை அட்டை என்.சி.எம்.சி. வகை, அதாவது பல ஊர்களுக்கும் பொதுவான பயண அட்டை என்பதால் டெல்லி மெட்ரோ கேட்டிலும் செல்லும். அட்டையில் பணம் ஏற்றிக்கொண்டு கிளம்பினால், இறங்கிய முதல் நாள் டிக்கெட் வரிசையில் நிற்க வேண்டியதில்லை. அட்டை இல்லாதவர்கள் போனிலேயே க்யூ.ஆர். டிக்கெட் எடுத்துக்கொள்ளலாம். சுற்றுலாப் பயணிகளுக்கென்று தனி அட்டையும் விற்கிறார்கள். ஒரே நாளில் நாலைந்து நீண்ட பயணம் போகிறவர்களுக்குத்தான் அது கட்டுப்படியாகும், மற்றவர்களுக்குச் சாதாரண அட்டையே போதும்.

புதியவர்கள் திணறும் இடம் ராஜீவ் சௌக். கன்னாட் பிளேஸுக்கு அடியில் எல்லோ லைனும் ப்ளூ லைனும் சந்திக்கும் ஸ்டேஷன். காலை ஒன்பதரைக்கு அங்கே இறங்கினால் கூட்டமே உங்களை ஒரு பக்கமாகத் தள்ளிக்கொண்டு போகும். அப்போது தலையைத் தூக்கிப் போர்டு தேடாதீர்கள், தரையைப் பாருங்கள். மஞ்சள் நிறத்தில் கால்தடம் ஒட்டியிருக்கும், அதன் பின்னால் போனால் எல்லோ லைன். நீலக் கால்தடம் ப்ளூ லைனுக்கு. பிளாட்பாரம் வந்ததும் கடைசி ஸ்டேஷன் பெயரைப் பார்த்து ஏறுங்கள். எல்லோ லைனில் வடக்கே போகும் வண்டி சமய்பூர் பாத்லி, தெற்கே போவது குருகிராம் மில்லேனியம் சிட்டி சென்டர். ப்ளூ லைனில் கிழக்கே போகும்போது இன்னும் கொஞ்சம் கவனம் வேண்டும், ஏனென்றால் யமுனா பேங்க்கில் பாதை இரண்டாகப் பிரிகிறது. நம்மவர்கள் நிறையப் பேர் குடியிருக்கும் மயூர் விஹார், நொய்டா போகும் கிளையில் இருக்கிறது. வைஷாலி வண்டியில் ஏறினால் லக்ஷ்மி நகர் பக்கம் கொண்டுபோய் விட்டுவிடும்.

எல்லா ஸ்டேஷனிலும் பையை ஸ்கேன் மெஷினில் வைத்து, ஆளையும் சோதித்துத்தான் உள்ளே விடுவார்கள். பெண்களுக்குத் தனி வரிசை, அது பெரும்பாலும் சீக்கிரம் நகரும். காலை ஒன்பது முதல் பத்தரை வரை பெரிய ஸ்டேஷன்களில் ஆண்கள் வரிசை வாசல் வரை நீளும். ஒன்பதரைக்கு இன்டர்வியூ என்றால் அந்த வரிசைக்கென்று தனியாகப் பதினைந்து நிமிடம் ஒதுக்குங்கள். வண்டி ஓடும் திசையில் முதல் பெட்டி பெண்களுக்கு மட்டும். வெளியூர் ஆண்கள் ஓடிவந்து முதலில் தெரியும் கதவில் ஏறி, பிறகு எல்லோர் பார்வைக்கும் நடுவே இறங்கிப் பின்பக்கம் ஓடுவதை இங்கே அடிக்கடி பார்க்கலாம். அபராதமும் உண்டு. தனியாக வரும் பெண்களுக்கு நான் மெட்ரோவைத் தயங்காமல் சொல்வதற்கு அந்தப் பெட்டி ஒரு முக்கியக் காரணம். நெரிசல் நேரத்திலும் அங்கே மூச்சுவிட இடம் இருக்கும், இந்தி தெரியாவிட்டாலும் பக்கத்தில் நிற்கும் பெண்ணிடம் ஸ்டேஷன் பெயரைச் சொல்லி வழி கேட்கலாம்.

ஆனால் மெட்ரோ எட்டாத இடங்களும் டெல்லியில் இருக்கின்றன, அவற்றில் சில வெளியூர்க்காரர்கள் அவசியம் போகிற இடங்கள். தூதரகங்களும் தமிழ்நாடு இல்லமும் இருக்கும் சாணக்யபுரி அதில் முதன்மையானது. லோக் கல்யாண் மார்க் ஸ்டேஷனில் இறங்கி ஆட்டோ பிடிப்பதுதான் வழி. அகலமான, மரங்கள் அடர்ந்த சாலைகள்தான், ஆனால் வளாகங்கள் பெரியவை. மேப்பில் பக்கம்போலத் தெரியும் வாசலுக்கு நடந்து முடிப்பதற்குள் சட்டை நனைந்துவிடும். இந்தியா கேட்டும் அப்படித்தான், சென்ட்ரல் செக்ரடேரியட் ஸ்டேஷனிலிருந்து கர்தவ்ய பாதை நெடுக நடக்க வேண்டும். குதுப்மினார் என்று ஸ்டேஷனுக்குப் பெயர் இருந்தாலும் மினார் அங்கிருந்து ஒன்றரைக் கிலோமீட்டருக்கும் மேல். மாறாகச் செங்கோட்டை, ஜாமா மசூதி, சாந்தினி சௌக் மூன்றுக்கும் அதனதன் பெயரிலேயே ஸ்டேஷன் இருக்கிறது. எய்ம்ஸுக்கும் அப்படியே, எல்லோ லைனில் இறங்கிப் படியேறினால் ஆஸ்பத்திரி. பழைய டெல்லியின் சந்துகளுக்குக் கேபில் போக நினைக்கவே வேண்டாம், மெட்ரோவில் போய் இறங்கி நடப்பதுதான் அங்கே வேகமான வழி. மலை மந்திர் முருகனைப் பார்க்க மெஜந்தா லைனில் வசந்த் விஹாரில் இறங்கினால் கோயில் பக்கம்தான்.

மெட்ரோ விட்ட இடத்திலிருந்து தொடர்வது இ-ரிக்‌ஷா. ஸ்டேஷன் வாசலில் வரிசையாக நிற்கும், நாலு பேர் சேர்ந்ததும் கிளம்பும். பக்கத்துத் தூரத்துக்கு ஆளுக்குப் பத்தோ இருபதோ. ஏறும்போதே "கித்னா?" (எவ்வளவு?) என்று கேட்டுக்கொள்ளுங்கள். முழு வண்டியாக எடுத்தால் தனி ரேட். பெரிய சாலைகளில் இவை அவ்வளவாக ஓடாது, ஓடினாலும் ஏறாதீர்கள். குடியிருப்புத் தெருக்களுக்குள் மட்டும் நல்ல துணை.

ஆட்டோவில்தான் பலரும் கணக்குத் தப்பாகப் போடுகிறார்கள். "ஆட்டோன்னா செலவு, மெட்ரோன்னா மிச்சம்" என்பது தனி ஆளுக்குச் சரி, குடும்பத்துக்கு எப்போதும் சரியில்லை. 2023 ஜனவரியில் திருத்திய மீட்டர் கட்டணம் முதல் ஒன்றரைக் கிலோமீட்டருக்கு 30 ரூபாய், பிறகு கிலோமீட்டருக்கு 11. ஐந்து கி.மீ. போக மீட்டரில் 68 ரூபாய் 50 காசு வரும். அதே தூரம் மெட்ரோவில் ஆளுக்கு 21, மூன்று பேருக்கு 63. இரண்டு பக்கமும் ஸ்டேஷனுக்கு நடக்கும் நடை, சோதனை வரிசை எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால், மூன்று பேர் பக்கத்து இடத்துக்குப் போக ஆட்டோதான் நியாயம். பன்னிரண்டு கி.மீ. என்றால் மீட்டரில் 145 ரூபாய்க்கு மேல், மெட்ரோவில் மூன்று பேருக்கு 96. தூரம் கூடக் கூட மெட்ரோ முந்துகிறது. தனி ஆளாக இருந்தால் எந்தத் தூரத்துக்கும் மெட்ரோதான் மலிவு.

மீட்டர் போட்டால் என்பதுதான் இதில் சிக்கல். "பையா, மீட்டர் ஸே சலோகே?" (அண்ணா, மீட்டர் போட்டு வருவீர்களா?) என்று கேட்டால் "மீட்டர் கராப் ஹை" (மீட்டர் கெட்டுப்போச்சு) என்ற பதில் தயாராக இருக்கும். வாதாட வேண்டாம். போனில் ஓலா, ஊபர், ராபிடோ மூன்றில் ஏதாவது ஒன்றில் அதே இடத்துக்கு ஆட்டோ ரேட் என்ன காட்டுகிறது என்று முதலில் பாருங்கள். அதிலிருந்து பத்து இருபது கூட்டிக் கேட்டால் ஏறுங்கள், இரண்டு மடங்கு கேட்டால் ஆப்பிலேயே போட்டுவிடுங்கள். அந்த எண் கையில் இருந்தால் இந்தி அரைகுறையாக இருந்தாலும் பேரத்தில் ஏமாற மாட்டீர்கள். இரவு 11 முதல் காலை 5 வரை மீட்டருக்கு மேல் 25 சதவீதம் கூடுதல் என்பது சட்டப்படியான கட்டணம், அதைக் கேட்டால் கொடுக்கத்தான் வேண்டும்.

கேப் என்றால் சொகுசுதான், ஆனால் நேரத்துக்கு உத்தரவாதம் இல்லை. தவுலா குவான், ஆசிரம் சௌக், ஐ.டி.ஓ. போன்ற சந்திப்புகளில் மாலை ஆறு மணிக்கு மாட்டினால் ஏ.சி.யில் உட்கார்ந்தபடி கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். அந்த நேரத்தில் ரேட்டும் ஏறும். பெரிய மழைக்கு மின்டோ பாலத்தின் அடியில் தண்ணீர் நின்றுவிடும், கன்னாட் பிளேஸ் பக்கம் எல்லாமே திணறும். ஆனாலும் சில நேரங்களில் கேபுக்கு மாற்று கிடையாது. அறுவை சிகிச்சை முடிந்தவர், முழங்கால் வலிக்காரப் பெரியவர், கைக்குழந்தை, இவர்களோடு ராஜீவ் சௌக்கில் லைன் மாற வேண்டாம். எல்லா ஸ்டேஷனிலும் லிஃப்ட் உண்டு, ஆனால் நமக்கு வேண்டிய வாசலில் அது இருக்காது, பிளாட்பாரத்திலிருந்து லிஃப்ட் வரை போவதே ஒரு நடை. எய்ம்ஸ் மாதிரிப் பெரிய வளாகத்துக்குக் கேப் கூப்பிடும்போது எந்த கேட்டில் நிற்கிறீர்கள் என்று ஆப்பிலேயே எழுதி அனுப்புங்கள். டிரைவர் போன் செய்து இந்தியில் வழி கேட்கும் சங்கடம் அதோடு தீரும்.

எல்லை தாண்டும்போது வித்தியாசம் இன்னும் பெரிசு. வேலைக்காக வரும் நம் பிள்ளைகளில் பலருக்கு ஆபீஸ் குருகிராமிலோ நொய்டாவிலோதான். டெல்லி ஆட்டோக்காரர்கள் அரியானா, உத்தரப்பிரதேச எல்லைக்குள் வரத் தயங்குவார்கள், கேபில் டோலும் வரியும் பில்லில் ஏறும். மெட்ரோவுக்கு எல்லை ஒரு பொருட்டே இல்லை. குருகிராமில் சைபர் சிட்டி ஆபீஸ் என்றால் எல்லோ லைனில் சிக்கந்தர்பூர் வரை போய் ரேபிட் மெட்ரோவுக்கு மாறுங்கள். இப்படி வேலைக்கு வருகிறவர்கள் அறை தேடும்போது ஆபீஸ் இருக்கும் அதே லைனில் தேடினால், தினமும் இரண்டு முறை லைன் மாறுவது மிச்சம். ராஜேந்திர நகரில் கோச்சிங் படிக்க வருகிறவர்களுக்கு ப்ளூ லைனில் கரோல் பாக் அல்லது ராஜேந்திரா பிளேஸ், முகர்ஜி நகருக்கு எல்லோ லைனில் ஜி.டி.பி. நகர்.

ஊரிலிருந்து பைக்கைப் பார்சலில் போடலாமா என்றும் கேட்கிறார்கள். பழைய வண்டி என்றால் வேண்டாம். 10 வருஷம் தாண்டிய டீசல் வண்டிக்கும் 15 வருஷம் தாண்டிய பெட்ரோல் வண்டிக்கும் இங்கே பல காலமாகக் கட்டுப்பாடும் வழக்குமாக இருக்கிறது.

இனி வந்து இறங்கும் நாள். விமானத்தில் வருகிறவர்கள் டிக்கெட்டில் டெர்மினல் எண்ணைப் பார்த்துக்கொள்ளுங்கள். டி3க்கும் டி2க்கும் ஏர்போர்ட் எக்ஸ்பிரஸ் லைன், இருபது நிமிடத்துக்குள் நியூ டெல்லி ஸ்டேஷன். டி1 பல கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது, அதற்கு மெஜந்தா லைனில் தனி ஸ்டேஷன். அங்கிருந்து ஹவுஸ் காஸ் போய் எல்லோ லைனுக்கு மாறலாம். ஊருக்குத் திரும்பும் நாளில் டி1 விமானத்துக்கு ஏர்போர்ட் எக்ஸ்பிரஸில் ஏறி டி3இல் போய் நின்றால் விமானம் போய்விடும், அதனால்தான் அழுத்திச் சொல்கிறேன். தவுலா குவானில் ஏர்போர்ட் லைனிலிருந்து பிங்க் லைனுக்கு மாறலாம் என்று மேப் காட்டும். நடுவில் ஒரு கிலோமீட்டருக்கும் மேல் நீளமான நடைபாலம் இருக்கிறது. நகரும் நடைபாதை உண்டு என்றாலும், இரண்டு பெட்டியோடு அந்த வழி வேண்டாம்.

மெட்ரோவில் ஒருவர் ஒரு பைதான், 25 கிலோவுக்குள் கொண்டுபோகலாம். அதற்கு மேல் சுமை என்றால் கேபோ ப்ரீபெய்ட் டாக்சியோதான். ப்ரீபெய்ட் கவுன்டரில் தரும் சீட்டை, இறங்கி சாமான்களை எடுத்த பிறகே டிரைவரிடம் கொடுங்கள்.

ரயிலில் வருகிறவர்களுக்கு எந்தப் பக்கம் வெளியே வருவது என்பது முக்கியம். தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் நியூ டெல்லி ஸ்டேஷனில் வந்து நிற்கும். அங்கே அஜ்மேரி கேட் பக்கம் வந்தால் எல்லோ லைனும் ஏர்போர்ட் லைனும் உண்டு. பஹாட்கஞ்ச் பக்கம் வந்தால் ஹோட்டல் தரகர்களும் ஆட்டோக்காரர்களும் சூழ்ந்துகொள்வார்கள். "உங்க ஹோட்டல் மூடிட்டாங்க", "அந்த ரோடு அடைச்சிருக்கு" என்று யார் சொன்னாலும் நிற்காமல் நடங்கள். பஹாட்கஞ்சிலேயே அறை போட்டிருந்தால், மெயின் பஜாரின் மேற்குக் கோடியில் ப்ளூ லைனின் ஆர்.கே. ஆசிரம் மார்க் ஸ்டேஷன் இருப்பதை நினைவில் வைத்து, அந்தப் பக்கமாக அறை தேடுங்கள். சென்னை ராஜ்தானியும் துரந்தோவும், கன்னியாகுமரியிலிருந்து வரும் திருக்குறள் எக்ஸ்பிரஸும் நிஜாமுதீனில் நிற்கும். அங்கே மெட்ரோ வேண்டுமென்றால் சராய் காலே கான் பக்கம் வெளியே வர வேண்டும், பிங்க் லைன் அந்தப் பக்கம்தான். அங்கிருந்து யமுனையைத் தாண்டினால் அடுத்த ஸ்டேஷனே மயூர் விஹார். அங்கே சொந்தக்காரர் வீடு இருக்கிறவர்கள் கேப் ஆப்பைத் திறக்கவே வேண்டாம்.

பஸ்ஸை ஏன் மறக்க வேண்டாம் என்று சொன்னேன் என்றால், நகரத்தின் நடுப்பகுதியில் மெட்ரோ பெரும்பாலும் நிலத்துக்கு அடியில் ஓடுகிறது. எத்தனை முறை போனாலும் ஊர் கண்ணில் படாது. ஏ.சி. பஸ்ஸில் 10 முதல் 25 ரூபாய்க்குள் சீட்டு, ஒரு நாள் முழுக்க ஏறி இறங்க 50 ரூபாய்க்கு டெய்லி பாஸ். ரிங் ரோட்டைச் சுற்றிவரும் தீவ்ர முத்ரிகா பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் பிடித்து உட்கார்ந்தால் டெல்லியின் வடிவமே விளங்கிவிடும். நான் இந்த ஊரை நேசிக்கத் தொடங்கியது அந்த ஜன்னல் வழியாகத்தான். ஞாயிற்றுக்கிழமை காலையில் போங்கள். வேலை நாளில் அவசரத்துக்கு வேண்டாம், அடுத்த பஸ் பத்து நிமிடத்தில் வருமா நாற்பது நிமிடத்தில் வருமா என்று நிறுத்தத்தில் நிற்பவர்களுக்கே தெரியாது. பெண்களுக்கு 2019 அக்டோபர் 29இல் இலவசப் பயணம் தொடங்கியது, அப்போது கண்டக்டர் பிங்க் நிறச் சீட்டு கொடுத்தார். அதை டெல்லிவாசிகளுக்கான அட்டையாக மாற்றும் அறிவிப்பு 2025இல் வந்தது, அதனால் வெளியூரிலிருந்து வரும் பெண்கள் கையில் சில்லறை வைத்துக்கொள்வது நல்லது.

இரவு நேரம் பற்றி ஒன்று. கடைசி மெட்ரோ பெரும்பாலான ஸ்டேஷன்களில் பதினொரு மணியை ஒட்டிப் போய்விடும், லைன் மாற வேண்டியவர்களுக்கு அதற்கும் முன்னாலேயே. பத்தரைக்குள் ஏறுவதுபோல் திட்டமிடுங்கள். அதைத் தவறவிட்டால் ஆப்பில் போட்ட கேப், பயண விவரத்தை வீட்டுக்கு அனுப்பிவிட்டு. தனியாக வரும் பெண்கள் அந்த நேரத்தில் ரோட்டில் நிற்கும் ஆட்டோவைக் கைகாட்டி நிறுத்த வேண்டாம். அவசரத்துக்கு 112.

எந்த மாதத்தில் வருகிறீர்கள் என்பதும் கணக்கை மாற்றும். மே, ஜூனில் வெயில் 45 டிகிரியைத் தொடும். அப்போது ஸ்டேஷனிலிருந்து ஒன்றரைக் கிலோமீட்டர் "நடந்துடலாம்" என்று நினைக்காதீர்கள், இருபது ரூபாய் இ-ரிக்‌ஷாவுக்குக் கொடுங்கள். நவம்பர் முதல் ஜனவரி வரை காற்று மாசு ஏற ஏற கட்டுப்பாடுகள் கட்டம் கட்டமாக வரும். மூன்றாம் கட்டத்தை அறிவித்துவிட்டால் பழைய புகை விதிப்படி செய்த பி.எஸ். 3 பெட்ரோல், பி.எஸ். 4 டீசல் கார்கள் ஓடக்கூடாது, கேப் கிடைப்பது குறையும். மெட்ரோ அந்த நாட்களில் கூடுதல் நடைகள் விடும். ஆட்டோவிலும் பைக் டாக்சியிலும் அந்தக் காற்றை நேராகச் சுவாசிக்க வேண்டியிருக்கும், ஆஸ்துமா உள்ளவர்கள் அந்த மாதங்களில் அவற்றைத் தவிருங்கள். டிசம்பர் கடைசியிலும் ஜனவரியிலும் மூடுபனியால் விமானமும் ரயிலும் பல மணி நேரம் தாமதமாகும், இன்டர்வியூவுக்கு முந்தின நாளே வந்து இறங்கிவிடுங்கள். ஜனவரி 23 குடியரசு தின ஒத்திகை, 26 அணிவகுப்பு. அந்த இரண்டு நாளும் நகரின் நடுவே சாலைகளை அடைப்பார்கள், சென்ட்ரல் செக்ரடேரியட் பக்கத்து மெட்ரோ ஸ்டேஷன்களிலும் ஏறி இறங்கக் கட்டுப்பாடு இருக்கும். ரயிலோ விமானமோ பிடிக்க வேண்டியவர்கள் அன்றைக்குக் காலையிலேயே கிளம்பி, ஸ்டேஷனிலோ ஏர்போர்ட்டிலோ போய் உட்கார்ந்துகொள்ளுங்கள்.